பி.எஸ்.ஏ. எண்ணும் நம்முடைய சாட்சியும்

குடும்ப நலப் பகுதி



நம்முடைய வீடுகளில் வாய்விட்டுப் பேசப்படாத ஒரு காரியத்தைக் குறித்து இந்த மாதம் எழுத ஏவப்பட்டேன். பெரும்பாலும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கு வருகிற புராஸ்டேட் புற்றுநோயே அது. இந்நோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை ‘பி.எஸ்.ஏ.’ என்னும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். அதில் வரும் ஒரு சிறிய எண் எத்தனை குடும்பங்களின் உறக்கத்தைப் பறித்திருக்கிறது என்பதை அநுபவித்தவர்கள் அறிவார்கள்.

எனக்கு அறிமுகமான ஒரு மூப்பர் இருக்கிறார். இளவயதில் திருநெல்வேலிச் சீமையை விட்டு மும்பைக்கு வந்து, தாராவியில் சிறிய அறையொன்றில் குடியிருந்து, பாடுபட்டுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். சில ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு இந்நோய் இருப்பதும், அது எலும்புகளுக்குப் பரவியிருப்பதும் தெரியவந்தது. அப்போது பி.எஸ்.ஏ. அளவு 92. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஊசி போடத் தொடங்கினார்கள். சபையார் உபவாசித்து ஜெபித்தார்கள். ஆறு மாதங்களில் அந்த எண் 0.4 ஆக இறங்கியது. அடுத்த ஞாயிறு ஆராதனையில் அவர் எழுந்து நின்று, கண்ணீரோடு சாட்சி கூறினார். சபை முழுவதும் கரங்களைத் தட்டித் தேவனை மகிமைப்படுத்தியது.

மூன்று மாதங்கள் கழித்துச் செய்த பரிசோதனையில் எண் 1.3 என்று வந்தது. அந்தத் தாளை அவர் ஒருவருக்கும் காட்டவில்லை. தம்முடைய வேதாகம உறைக்குள் மடித்து வைத்துவிட்டார். மருத்துவரிடம் போவதையும் நிறுத்தினார், ஊசியும் நின்றது. ஏறக்குறைய ஓராண்டுக்குப்பின் முதுகுவலியால் அவர் எழும்பக்கூடாமற்போனபோதுதான் அவருடைய மகள் அந்தத் தாளைக் கண்டெடுத்தாள். “அப்பா, ஏன் எங்களிடம் சொல்லவில்லை?” என்று கேட்டாள். அதற்கு அவர், “சபை நடுவில் சாட்சி சொன்னவன் நான். எண் ஏறிவிட்டது என்று இப்போது சொன்னால், கர்த்தருடைய நாமத்துக்கு அவமானம் வராதா அம்மா?” என்றார்.

பிரியமானவர்களே, அந்தப் பதில் என் இருதயத்தைக் குத்திற்று. நம்முடைய சந்தோஷமே அந்த மனிதருக்குப் பூட்டிய கதவாய்ப் போயிற்று. ஆகையால் இந்த எண் எதைச் சொல்லுகிறது, எதைச் சொல்லுவதில்லை என்பதை நாம் அறிந்துகொள்வது அவசியம்.

பி.எஸ்.ஏ. என்பது என்ன?

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்திருக்கும் சுரப்பியே புராஸ்டேட். அதன் அணுக்கள் சுரக்கும் ஒருவகைப் புரதம் பி.எஸ்.ஏ. அதில் மிகச் சிறு பங்கு இரத்தத்தில் கலக்கிறது. ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் எத்தனை நானோகிராம் என்று அதை அளக்கிறார்கள். நல்ல அணுக்களும் இதைச் சுரக்கும். புற்றுநோய் அணுக்களும் சுரக்கும். நோய் வேறிடத்திற்குப் பரவினாலும் அந்த அணுக்கள் இதைச் சுரப்பதால், சிகிச்சை எவ்விதம் வேலை செய்கிறது என்று பார்க்க இது உதவுகிறது. அமெரிக்காவில் இந்தப் பரிசோதனைக்கு 1986-இல் முதன்முதலாக அரசு அனுமதி கிடைத்தபோது, அது நோயைக் கண்டுபிடிப்பதற்காக அல்ல, ஏற்கெனவே நோயுள்ளவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பதற்காகவே அளிக்கப்பட்டது.

பரிசோதனைத் தாளில் ‘0 முதல் 4 வரை இயல்பு’ என்று அச்சிட்டிருப்பார்கள். அநேகர் இடறுவது இங்கேதான். அந்த அளவு சிகிச்சை பெறாதவர்களைக் கருதி எழுதப்பட்டது. சிகிச்சை பெற்றவருக்கு அது பொருந்தாது. மூப்பரும் 1.3 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அச்சிட்டிருந்த 4-ஐப் பார்த்து, ‘இன்னும் எல்லைக்குள்தானே இருக்கிறது’ என்று தம்மைத் தாமே தேற்றிக்கொண்டாராம்.

சிகிச்சைக்கு ஏற்ப எண் மாறும்

அறுவை சிகிச்சையினால் சுரப்பியை முழுவதும் அகற்றினவர்களுக்கு, 6 முதல் 8 வாரங்களுக்குள் பி.எஸ்.ஏ. கருவியால் கண்டறியக்கூடாத அளவுக்கு இறங்கிவிட வேண்டும். பின்பு அது 0.2 அல்லது அதற்கு மேல் ஏறி, மறுபடியும் சோதித்தபோதும் அப்படியே இருந்தால், நோய் திரும்பியிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதுவார்கள்.

கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு எண் மெதுவாகவே இறங்கும். மிகத் தாழ்ந்த அளவை எட்ட ஒன்றரை ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். இடையில் சிலருக்கு எண் சற்று ஏறித் தானாகவே இறங்குவதும் உண்டு. அதைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. எட்டிய மிகத் தாழ்ந்த அளவைவிட 2 அதிகமானால் நோய் திரும்பியதாகக் கொள்வது 2006 முதல் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட வழக்கம். ஒருவருக்கு மிகத் தாழ்ந்த அளவு 0.5 என்றால், 2.5-ஐ எட்டும்போது அந்த எல்லை வருகிறது. அறுவை செய்துகொண்டவரின் எண்ணையும் கதிர்வீச்சுப் பெற்றவரின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாகாது என்பது இதனால் விளங்கும்.

நோய் பரவியவர்களுக்குப் பெரும்பாலும் ஹார்மோன் சிகிச்சை அளிக்கப்படுகிறது. ஆண்களுக்குரிய டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பே இந்நோய்க்குத் தீனி. மாதம் ஒருமுறை, அல்லது மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் ஊசியினாலோ, விரைகளை அகற்றும் சிறிய அறுவையினாலோ அந்தத் தீனியை நிறுத்துகிறார்கள். அதனால் எண் வேகமாய்ச் சரிகிறது. பரவிய நோயில், ஏறக்குறைய 7 மாதச் சிகிச்சைக்குப்பின் எண் 0.2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது நல்ல அடையாளம். 4-க்கு மேலேயே நின்றுவிட்டால் கவலைக்குரியது. ஆனாலும் எண் இறங்கியது என்பதற்கு நோய் வேரோடு அழிந்தது என்று பொருளல்ல. அணுக்கள் பட்டினி கிடக்கின்றன என்பதே பொருள். ஊசியை நாமாக நிறுத்தினால் தீனி மீண்டும் கிடைக்கிறது. சிலருக்கு ஊசியைச் சிலகாலம் நிறுத்திப் பின் தொடருவதுண்டு. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

ஒரே எண்ணை வைத்துத் தீர்ப்புச் செய்யாதிருங்கள்

ஒரு தடவை வந்த எண் ஒரு செய்திதான். பல தடவைகளில் வந்த எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் நடப்பது விளங்கும். எண் ஏறுகிறதா, இறங்குகிறதா, ஏறினால் இரட்டிப்பாக எத்தனை மாதங்கள் எடுக்கிறது என்பதை மருத்துவர் கணக்கிடுவார். மூன்று மாதங்களில் இரட்டிப்பாவதற்கும், இரண்டு ஆண்டுகளில் இரட்டிப்பாவதற்கும் மிகுந்த வித்தியாசமுண்டு.

லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தோலில் தடிப்புக் கண்டவனை ஆசாரியன் உடனே தீட்டுள்ளவன் என்று தீர்த்துவிடவில்லை. ஐயமானபோது ஏழு நாள் காத்திருந்து மறுபடியும் பார்த்தான். பின்னும் ஏழு நாள் காத்திருந்தான். அது படர்ந்ததா, அப்படியே நின்றதா, மங்கியதா என்று நோக்கினான். பார்ப்பதும், பொறுத்திருப்பதும், திரும்பப் பார்ப்பதும் தேவன் தம்முடைய ஜனத்துக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கு. ஆகையால் பரிசோதனைக்குப் போவது அவிசுவாசம் என்று ஒருவரும் சொல்லாதிருப்பார்களாக. ஆண்டவரும் தாம் சுத்தமாக்கிய குஷ்டரோகியை ஆசாரியனுக்குத் தன்னைக் காண்பிக்கும்படி அனுப்பினார் அல்லவா? மெய்யான சுகம் பரிசோதனைக்கு அஞ்சுவதில்லை.

பட்டணத்தில் வாழும் நாம் செய்ய வேண்டியவை

நம்மில் அநேகர் ஆண்டில் பாதியை மும்பையிலோ பெங்களூரிலோ டெல்லியிலோ பிள்ளைகளோடும், மீதியைச் சொந்த ஊரிலும் கழிக்கிறோம். ஊருக்கு ஊர் ஆய்வகம் மாறுகிறது. ஆய்வகங்களின் முறைகள் வேறுபடுவதால் ஒரே இரத்தத்துக்கும் எண் சற்று வேறுபடலாம். கூடுமானவரை ஒரே ஆய்வகத்தில் சோதியுங்கள். மாற்ற நேர்ந்தால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். இப்பரிசோதனைக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. ஆனால் சிறுநீரில் எரிச்சலோ கிருமித் தொற்றோ இருந்தால், அல்லது சமீபத்தில் சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால், அதைச் சொல்லிவிடுங்கள். சுரப்பி அகற்றப்படாதவர்களுக்கு அவற்றாலும் எண் ஏறும். முடி வளர்வதற்கென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்லவேண்டும். சில கருவிகளில் அது எண்ணைத் தவறாகக் காட்டக்கூடும்.

ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். தேதி, ஆய்வகத்தின் பெயர், பி.எஸ்.ஏ. அளவு, அந்நாட்களில் நடந்த சிகிச்சை, அடுத்த ஊசியின் தேதி ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு முறையும் எழுதி வையுங்கள். பரிசோதனைத் தாள் ஆங்கிலத்தில் இருக்கும். மருத்துவர் இந்தியிலோ மராத்தியிலோ கன்னடத்திலோ பேசுவார். வயதான தகப்பன்மார் புரிந்தாற்போலத் தலையசைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். மகனோ மகளோ மருமகளோ உடன்சென்று, நோட்டைக் காட்டி, “முன்பிருந்ததைவிட ஏறியிருக்கிறதா? அடுத்தது எப்போது பார்க்க வேண்டும்?” என்று கேட்டு, பதிலைத் தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். அறுவையோ கதிர்வீச்சோ முடிந்தவர்களுக்கு முதல் 5 ஆண்டுகள் 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறையும், பின்பு ஆண்டுக்கு ஒருமுறையும், ஹார்மோன் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு 3 முதல் 6 மாதங்களுக்கு ஒருமுறையும் சோதிப்பது பொதுவான வழக்கம். உங்களுக்குரிய காலத்தை உங்கள் மருத்துவர் குறிப்பார்.

எண்ணை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். எண் தாழ்ந்திருக்கும்போதே நோய் வளர்வதும் சிலருக்கு உண்டு. புதிதாய் எலும்பு வலி வந்தால் அடுத்த தேதிக்காகக் காத்திராதேயுங்கள். முதுகுவலியோடு கால்கள் பலவீனமானாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீரோ மலமோ கட்டுப்படாமற்போனாலோ, அன்றைய தினமே மருத்துவமனைக்கு ஓடுங்கள். தண்டுவடம் நசுங்கும் அடையாளம் அது. தாமதித்தால் நடை போய்விடும்.

மனைவிமாருக்கும் ஒரு வார்த்தை. ஹார்மோன் ஊசி போடப்படுகிறவருக்கு உடம்பில் திடீர் வெப்பமும் வியர்வையும், சோர்வும், மனச் சலிப்பும், தாம்பத்திய நாட்டக் குறைவும் வரும்; எலும்பும் மெலியும். அவர் எரிந்து விழுந்தால் அது உங்கள்மேலுள்ள வெறுப்பல்ல. பரிசோதனைத் தாள் வரவேண்டிய வாரத்தில் அவரைத் தனியே விடாதிருங்கள்.

நிறைவேறாத சுகத்தையும் அறிக்கையிடலாம்

பெத்சாயிதாவிலே ஆண்டவர் ஒரு குருடன்மேல் கைகளை வைத்து, எதையாகிலும் காண்கிறாயா என்று கேட்டார். அவன், சபையாரைப் போலச் சந்தோஷ முகங்கள் சுற்றி நிற்கின்றனவே என்று எண்ணி, ‘எல்லாம் தெளிவாய்த் தெரிகிறது’ என்று சொல்லிவிடவில்லை. மனிதர் நடக்கிற மரங்களைப்போலத் தெரிகிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொன்னான். ஆண்டவர் அவனைக் கடிந்துகொள்ளவில்லை; மறுபடியும் கைகளை வைத்தார். அந்த உண்மையான வார்த்தையே இரண்டாம் தொடுதலுக்கு வழியாயிற்று.

ஊழியக்காரரே, மூப்பர்களே, எண் இறங்கினதென்று ஒருவர் சாட்சி கூறும்போது தேவனைத் துதியுங்கள், அது ஏற்றது. ஆனால் அவருடைய காதில், “ஐயா, எண் ஏறினாலும் முதலாவது எங்களிடம் வாருங்கள்” என்றும் சொல்லிவையுங்கள். மருந்தை நிறுத்தும்படி ஒருபோதும் சொல்லாதேயுங்கள். சாட்சி கூறினவர் திரும்பவும் ஜெபம் கேட்டு வருவதற்குப் பயப்படுகிற சபையாக நம்முடைய சபை இருக்கலாகாது.

அந்த மூப்பருக்கு இப்போது ஊசி மறுபடியும் தொடங்கி, கூடவே மாத்திரையும் கொடுக்கிறார்கள். முதுகுக்குக் கதிர்வீச்சும் அளித்தார்கள். கைத்தடியோடு நடக்கிறார். இழந்த ஓராண்டைத் திரும்பப் பெற முடியாது என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். கடந்த மாதம் சபையில் அவர் எழுந்து நின்று, தம்முடைய நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, “இம்முறை என் எண் 6.2. போன தடவை 11 இருந்தது. அடுத்த பரிசோதனை இன்ன தேதியில். எனக்காக ஜெபியுங்கள்” என்று சொல்லி அமர்ந்தார். யாரும் கரம் தட்டவில்லை. ஆனால் ஆராதனை முடிந்தபின், அதுவரை வாய் திறவாதிருந்த இரண்டு சகோதரர்கள் அவரிடம் வந்து, தங்களுக்கும் இந்நோய் இருக்கிறதென்று மெதுவாய்ச் சொன்னார்களாம்.

வாசிக்கிற சகோதரரே, உங்கள் வேதாகம உறைக்குள்ளும் அப்படியொரு தாள் மடிந்திருக்கிறதா? இன்றைக்கே அதை வெளியே எடுங்கள். மனைவியிடம் காட்டுங்கள், மருத்துவரிடம் கொண்டுபோங்கள், தேவசமுகத்திலும் விரித்து வையுங்கள். எசேக்கியா ராஜா தனக்கு வந்த கலக்கமான நிருபத்தைக் கர்த்தருடைய ஆலயத்திலே விரித்து வைத்தானே!

நம் பரம வைத்தியராகிய கர்த்தர் தாமே உங்களைத் தாங்கி நடத்துவாராக. ஆமென்.