14 நாள் யார் கணக்கு?

எங்கள் இடைசெவல் பக்கம், பிள்ளை உண்டாகியிருப்பவளை ‘முழுகாம இருக்கா’ என்பார்கள். அதற்கு முந்தைய கட்டத்துக்கும் சொல் உண்டு: ‘நாள் தள்ளிப் போயிருக்கு.’ கரு உருவாகிச் சுமார் 14 நாளில் மாதவிலக்கு வரவேண்டும். அது வராமல் போனால்தான் எங்கள் பெண்கள் எண்ணத் தொடங்குவார்கள். ஆய்வகத்தில் மனிதக் கருவை எத்தனை நாள் வளர்க்கலாம் என்பதற்கு, 1984இல் இங்கிலாந்தில் மேரி வார்னாக் தலைமையிலான குழு பரிந்துரைத்த எல்லையும் 14 நாள்தான்.

குழு சொன்ன காரணம் வேறு. சுமார் 15ஆம் நாளில், உடலின் தலைப்பக்கம் எது, வால்பக்கம் எது என்று காட்டும் முதல் கோடு கருவில் தோன்றுகிறது. அதன்பின் கரு இரட்டையாகப் பிரிவது மிக அரிது. எனவே ‘ஒரு’ மனித உயிர் என்று பேசத்தக்க இடம் அதுவே என்றார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் 14 நாள் அல்லது அந்தக் கோடு, இவற்றில் எது முந்தியதோ அதோடு நிறுத்தச் சொல்கின்றன.

அவ்வளவு நாள் கருவை வளர்க்கும் திறமை இல்லாதவரை இந்த எல்லையால் யாருக்கும் தொந்தரவில்லை. 2016இல் கேம்பிரிட்ஜிலும் நியூயார்க்கிலும் 13 நாள்வரை வளர்த்துக் காட்டினார்கள். இப்போது 28 நாளாக நீட்டலாம் என்ற பேச்சு வலுத்திருக்கிறது. தொடக்கக் கருச்சிதைவுகள் ஏன் நேர்கின்றன என்று அறியலாம், பெண்களுக்குத்தானே நல்லது என்கிறார்கள். அந்த அறிவு நமக்கு வேண்டும்தான். எதிர்ப்பவர்களோ கருவே ஒரு மனிதர் என்கிறார்கள். அதை ஏற்க முடியாது. ஏற்றால் நாளை நம் கருக்கலைப்பு உரிமையில் கைவைக்க அதுவே ஆயுதமாகும்.

இரு தரப்பும் கருவின் வயதை எண்ணுகிறார்களே தவிர, முட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை. கருவின் முதல் நாளுக்கு முன்பே ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ பத்து நாள் ஊசி போட்டு, மயக்க மருந்து கொடுத்து, சினைப்பையில் ஊசி செலுத்தி முட்டைகளை எடுக்கிறார்கள். சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டால் வயிற்றில் நீர் கோக்கும், மூச்சு முட்டும், ரத்தம் உறையும். அவளுடைய அந்த நாட்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, முட்டை கொடுப்பவளுக்கு வயது 23 முதல் 35க்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. 2022 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு ஜூனில், ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடம் போலி ஆதார் காட்டிப் பல ஆண்டுகளாக, பலமுறை முட்டை எடுத்தது வெளிவந்தது. தாயும் அவருடைய துணைவரும் இடைத்தரகரும் கைதானார்கள். கருவின் வயதை மணிக்கணக்கில் குறித்து வைக்கும் துறைக்கு, எதிரே படுத்திருந்த பிள்ளையின் வயது தெரியவில்லையாம்.

உறையவைத்த கருவைப் பத்தாண்டு வைத்திருக்கலாம். பிறகு அழியவிட வேண்டும், அல்லது ஆய்வுக்குத் தரலாம் என்கிறது சட்டம். அப்போது யாரிடம் ஒப்புதல் கேட்பார்கள்? சிகிச்சைக்கு வந்த தம்பதியிடம், அல்லது தனியாக வந்த பெண்ணிடம். முட்டை கொடுத்தவளுக்கு இருப்பது 12 மாதக் காப்பீடு. அதன்பின் அவள் உடம்புக்கு என்ன ஆனது என்று யார் கேட்கப் போகிறார்கள்?

கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசுகளில் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண்களுக்கு இது புரியும். பண்டத்தை எண்ணுவார்கள், கையை எண்ண மாட்டார்கள். பணமுடை உள்ள வீட்டுப் பெண்ணைத் தேடித்தான் தரகர் வருவார்.

ஆகவே 28 நாள் கேட்பவர்களிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. தன் முட்டையில் உருவான கரு ஆய்வுக்குப் போகும்போது கொடுத்தவளிடம் தனியாக ஒப்புதல் கேளுங்கள். மறுக்கவும் உரிமை கொடுங்கள். பெயர் வெளிவராத பதிவேடு வைத்து, அவள் உடல்நிலையை ஆண்டுக்கணக்கில் கவனியுங்கள். ஆய்வை அனுமதிக்கும் குழுக்களில் முட்டை கொடுத்த பெண்களை உட்காரவையுங்கள். இவை நடக்கும்வரை 14ஐ ஒரு நாள்கூட நகர்த்தக் கூடாது.