வீடே பள்ளியானால்

"சாமி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்க வைத்தால் என்ன?" சில ஆண்டுகளாகப் பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்டு வரும் கேள்வி இது. கேள்வி ஒன்றே ஆயினும், கேட்போரின் காரணங்கள் வெவ்வேறு. வெளிநாட்டிலிருக்கும் உறவினர் தம் பிள்ளைகளை அவ்வாறு வளர்ப்பதைக் கண்டு விரும்புவோர் உளர். தனியார் பள்ளியின் கட்டணம் தாளாது கேட்போர் உளர். நோயாலோ, மற்றப் பிள்ளைகளின் ஏளனத்தாலோ வகுப்பறையில் வாடும் மகனை எண்ணிக் கண் கலங்கிக் கேட்கும் தாய்மாரும் உளர். இவர்கள் மூவருக்கும் ஒரே விடை கூறுதல் முறையன்று.

வீடு பள்ளியானால் என்ன நேரும் என்பதை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை, கண்ணாரக் கண்டிருக்கிறோம். 2020 மார்ச் மாதம் பெருந்தொற்றால் மூடப்பட்ட பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறந்தன. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி அக்காலத்தில் பாடங்களை வழங்கிற்று. தொலைக்காட்சியின் முன் பிள்ளையைத் தனியே அமர்த்திவிட்டு வயலுக்குச் சென்ற வீடுகளில், பாடம் ஓடிற்று, பிள்ளை உறங்கிற்று. அருகில் அக்காளோ, தாத்தாவோ அமர்ந்து, "இப்போது அவர் என்ன சொன்னார்?" என்று கேட்ட வீடுகளில் பிள்ளை கற்றது. 2021 அக்டோபர் 27ஆம் நாள் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் இவ்வுண்மையின்மீதே எழுந்தது. தெருவில் வாழும் படித்த பெண் ஒருத்தி, மாலையில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம், சில பிள்ளைகளுடன் அமர்வாள், அவ்வளவே. கருவியைவிட ஆள் முக்கியம்.

ஆதலின், முறையைத் தேர்ந்தெடுக்கும் முன்னர் பெற்றோர் தம்மையே வினவ வேண்டியது, "நாள்தோறும் பிள்ளையோடு அமரப்போகிறவர் யார்?" என்பதே. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் அழைக்கும் பருவத்தில், தாய் தந்தை இருவருமே வீட்டில் இரார். செயங்கொண்டம் பக்கத்து முந்திரிக் காடுகளிலும் அப்படியே. இதை மறைத்துக்கொண்டு, "வீட்டில் படிக்கட்டும்" என்று கூறிப் பிள்ளையை, சிறப்பாகப் பெண் பிள்ளையை, பள்ளியிலிருந்து நிறுத்துவது கல்வியாகாது. அடுப்பும் ஆட்டுக்குட்டியும் தம்பியும் அவள் பொறுப்பாகிவிடும்; புத்தகம் பரணேறும். பெருந்தொற்றுக் காலத்தில் வேலைக்குச் சென்ற பிள்ளைகளில் சிலர் பள்ளி திறந்த பின்னும் திரும்பாததை நாம் மறக்கலாகாது. அத்தகைய வீட்டுக்கு நம் விடை, பள்ளியே சிறந்தது என்பதுதான்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. தவறுவோருக்கு அதில் தண்டனை விதிக்கப்படவில்லை. வீட்டுக் கல்விக்குத் தனி ஏற்பாடும் செய்யப்படவில்லை. எனவே பிள்ளைக்குச் சான்றிதழ் எவ்வழியில் கிட்டும் என்பதை முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பதினான்கு வயது நிறைந்தோர் பத்தாம் வகுப்பு நிலைக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்களை ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்தாண்டுக் காலத்தில் ஒன்பது வாய்ப்புகள் உண்டு. தமிழக அரசுத் தேர்வுத் துறை, பன்னிரண்டரை வயது நிறைந்தோர்க்குத் தனித்தேர்வராக எட்டாம் வகுப்புத் தேர்வு எழுதவும் வழி வகுத்துள்ளது. பதினைந்து வயதில் கையில் ஒரு தாளுமின்றி நிற்கும் பிள்ளை, பெற்றோரின் இலட்சியத்திற்காகத் தண்டனை அனுபவிப்பதாகும்.

இவ்வளவும் ஆராய்ந்து, நோயுற்ற மகனுக்காகவோ வேறு தகுந்த காரணத்திற்காகவோ துணிவோரை நாம் தடுக்கமாட்டோம். பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான ஆசிரியர் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28ஆம் நாள் வெளியிட்ட கல்வி பற்றிய அறிக்கையில் கூறியுள்ளது. அதே அறிக்கை பள்ளியையும் பெரிதும் போற்றுகிறது என்பதைச் சிலர் வசதியாக மறந்துவிடுகின்றனர்!

இனி முறைகளைப் பார்ப்போம். மரியா மாண்டிசோரி அம்மையார் தமது முதல் குழந்தைகள் இல்லத்தை 1907 ஜனவரி 6ஆம் நாள், மூன்று அரசர்கள் திருநாளன்று, உரோமையின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் திறந்தார். பிற்பாடு 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கி, நம் நாட்டு ஆசிரியர் பலரைப் பயிற்றுவித்தார். ஏழைப் பிள்ளைகளிடையே பிறந்த அம்முறை, இன்று பெரும்பாலும் விலையுயர்ந்த மரச் சாமான்களோடு செல்வர் வீட்டுப் பொருளாகிவிட்டது. அதன் உட்கருத்தோ எளியது: கை தொட்டதை மனம் பற்றும். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய 'அ'வை விரலால் தடவிப் பார்த்த குழந்தை அதை எளிதில் மறவாது. எண்ணுவதற்குப் புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் போதும்; அளப்பதற்கு ஆழாக்கும் படியும் போதும். தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2007ஐ ஒட்டிப் பரவிய செயல்வழிக் கற்றலிலும் பிள்ளைகள் பாயில் அமர்ந்து, அட்டைகளைக் கொண்டு, தத்தம் வேகத்தில் படியேறினர். ஆங்கிலப் பெண்மணி சார்லட் மேசன் வற்புறுத்திய மற்றொரு வழியும் நம் வீடுகளுக்குப் பொருந்தும். குறுகிய பாடம் ஒன்றை ஒரே முறை வாசித்து, பின்னர் பிள்ளை அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். கதை கேட்டுக் கதை சொல்லும் நம் பாட்டிமார் இம்முறையை எந்நூலிலும் படித்தவரல்லர்.

பாடத்திட்டத்திற்காக அஞ்சலில் அயல்நாட்டுப் பெட்டிகளை வரவழைப்பதை நாம் ஊக்குவிக்கவில்லை. அரசுப் பாடநூல்கள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றை முதுகெலும்பாகக் கொள்ளுங்கள். கணக்கில் மட்டும் எந்தப் படியையும் தாண்டாதீர்கள். பின்னத்தில் விட்ட இடைவெளி இயற்கணிதத்தில் பள்ளமாகும். முதலில் தமிழில் தடையின்றி வாசிக்கட்டும். ஆங்கிலம் அதன்மேல் எளிதாக நிற்கும். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்திற்கு மேல் புத்தகத்தோடு கட்டிப் போட வேண்டாம்.

மீதிப் பொழுதுக்கு நம் மாவட்டங்களைவிடச் சிறந்த பாடநூல் ஏது? சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்திற்குக் கல்லாகிக் கிடக்கும் மரத்தைக் காட்டி, "இது எப்படிக் கல்லாயிற்று?" என்று கேளுங்கள். காரைப் பக்கத்து ஓடைகளில், ஏறத்தாழப் பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலையடித்த கடலின் சிப்பிகளையும் சுருள் ஓடுகளையும் பிள்ளைகள் காணலாம். (கண்டால் போதும், பெயர்த்து வீட்டுக்குக் கொணரலாகாது.) அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளுக்குச் செல்லும் சுண்ணாம்புக்கல்லும் அப்பழங்கடல் தந்ததே. ஆலையில் வேலை செய்யும் தந்தை, தம் கைப்பிடிக் கல்லைக் கொண்டே வேதியியலும் நிலவியலும் தொடங்கலாம். 2024இல் இராம்சார் பட்டியலில் இடம்பெற்ற கரைவெட்டி ஏரிக்குக் குளிர்காலத்தில் வரும் வரித்தலை வாத்துகளை எண்ணிக் குறித்தால், அதுவே கணக்கும் புவியியலும் ஆகும். கங்கைகொண்ட சோழபுரத்திற்கு ஒருமுறையல்ல, பலமுறை செல்லுங்கள். ஒருநாள் கல்வெட்டெழுத்தை மட்டும் பாருங்கள், மற்றொரு நாள் விமானத்தின் நிழலை அளந்து உயரத்தைக் கணக்கிடுங்கள்.

ஏலாக்குறிச்சிக்கு அடைக்கல அன்னையைத் தரிசிக்கச் செல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. அங்கே பல்லாண்டு பணியாற்றிய வீரமாமுனிவர், எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் எழுத்தில் வேறுபட வழி செய்தவர் என்று மெழுகுதிரி ஏற்றும் பிள்ளைகளிடம் யாரேனும் சொல்கிறோமா? 'எ' எழுதிக் காலிழுத்து 'ஏ' ஆக்கப் பழகும் குழந்தைக்கு, அக்கோட்டின் கதை நம் ஊர்க் கதை. அவர் எழுதிய பரமார்த்த குருவின் கதையோ உரக்க வாசிக்கவும் வயிறு குலுங்கச் சிரிக்கவும் ஏற்றது.

வீட்டில் கற்கும் பிள்ளைக்குத் தோழமை குறையும் என்பது மெய். மறைக்கல்வி வகுப்பு, பாடற்குழு, பீடச் சிறுவர் கூட்டம், மாலைப் பந்தாட்டம் ஆகியவற்றுள் இரண்டிலேனும் தவறாமல் ஈடுபடுத்துங்கள். நான்கு வீடுகள் கூடி வாரம் இருநாள் பொதுப் பாடம் நடத்துமானால் பங்கின் கூடத்தைத் திறந்துவிடத் தடையேதும் இராது.

"ஐந்தாம் வகுப்பு தாண்டாத நான் எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?" என்று தயங்கும் தாயே, பிள்ளை உமக்கு வாசித்துக் காட்டட்டும். கீரை ஆய்ந்துகொண்டே கேளும். வாசிப்பு பிழைபடும்போது பொருள் முறியும். பொருள் முறிந்ததை உம் காது உடனே அறியும். "இன்னொரு தரம் படி" என்றால் போதும். கணக்குக்கு மட்டும் தெருவில் ஓர் ஆளைத் தேடிக்கொள்ளும்.

முடிவெடுக்க இயலாதோர் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க விரைய வேண்டாம். வருகிற கோடை விடுமுறையில் நான்கு வாரம் இவற்றை நடத்திப் பாருங்கள். எந்த நாள் யார் அமர்ந்தார், என்ன வாசித்தார் என்று ஒரு நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். அதன் பின்னர், ஜூன் பிறக்கும் முன்னர், பிள்ளையையும் அருகே அமர்த்திக்கொண்டு அந்நாட்குறிப்பை ஒருமுறை புரட்டுங்கள்.