குறுக்கெழுத்தில் மேற்கோள்

ஞாயிறுதோறும் குறுக்கெழுத்துக் கட்டங்களோடு மல்லுக்கட்டும் மாணவர் பலர் ஒரேயிடத்திலேதான் திகைத்து நிற்கின்றனர். பொருள் வினவும் குறிப்புக்கு அகராதி கைகொடுக்கும். "குழம்பியுள்ளது" என்றால் எழுத்துக்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம். ஆனால், ஒரு குறளைக் காட்டி, இடையிலே ஒரு சொல்லை மறைத்து, "நிரப்புக" என்றால், அக்குறள் பாடமில்லாதவர் பென்சிலைக் கீழே வைத்துவிடுகின்றனர். வைக்க வேண்டுவதில்லை. யாப்பு அறிந்தவர்க்குப் பாதி விடை அங்கேயே இருக்கின்றது.

குறளுக்குச் சீர் ஏழு. முதலடியில் நான்கு, அடுத்ததில் மூன்று. 1330 குறளும் வெண்டளையால் நடப்பவை. மறைந்த சொல் மூன்றெழுத்து என்க. கல்வியோ, அறிவோ என்று ஐயம். முன்னிற்கும் சீரைப் பாருங்கள். அது மாச்சீராயின் அடுத்து நிரையசை வருதல் வேண்டும், ஆகவே அறிவு. விளச்சீரோ காய்ச்சீரோ ஆயின் நேரசை வேண்டும், கல்விதான் பொருந்தும். குறுக்கே ஓரெழுத்தும் கிட்டாதபோதும் இவ்வளவு சொல்லிவிடலாம்.

மறைந்தது இரண்டாமடியின் முதற்சீராயின் எதுகை துணைசெய்யும். முதலடி "மண்ணில்" என்று தொடங்கினால் "கண்ணில்" பொருந்தும். "காண்பவர்" பொருந்தாது, முதலெழுத்து நெடிலாதலின். எல்லாக் குறளிலும் எதுகை இல்லை என்பதையும் மறத்தலாகாது.

புணர்ச்சியிலும் கவனம் வேண்டும். செய்யுளிலே "பொற்குடம்" என்றிருந்தாலும், தனிச்சொல்லைக் கேட்டால் கட்டத்தில் "பொன்" என்றே எழுதுக. தளை பார்க்கும்போது மட்டும் சேர்ந்த வடிவத்தைக் கொள்க.

குறிப்புக்களை ஆக்குவோரிடமும் எனக்கொரு வழக்குண்டு. "ஔவை வாக்கு" என்று எழுதிவிட்டு, உலகநாதரின் உலகநீதியிலிருந்தும் அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கையிலிருந்தும் அடிகளை எடுத்துப் போடுகின்றனர். சிறுவயதிலே ஆத்திசூடி, கொன்றைவேந்தனோடு இவற்றையும் ஒரே புத்தகத்திற் படித்ததன் விளைவு போலும்! கட்டம் எப்படியும் நிரம்பிவிடும். ஆனால், அதைப் பார்த்த பிள்ளை பரீட்சைத்தாளில் ஔவையார் என்று எழுதிவிட்டு, "பத்திரிகையிலே இருந்ததே, சேர்" என்று வாதாடும். வகுப்பிலே நான் கேட்ட வாதந்தான் இது. பத்திரிகையில் அச்சேறியதைப் பிள்ளையின் மனத்திலிருந்து அழிப்பது எளிதன்று.

புறநானூற்றின் 192ஆம் பாட்டின் முதலடி மேடைதோறும் முழங்குகின்றது. பாடியவர் கணியன் பூங்குன்றனார் என்றறியாது, வள்ளுவர் தலையிலே அதனை ஏற்றுவோரும் உளர். குறிப்பின் இறுதியிலே நூற்பெயரையும் போட இரண்டு சொல்லுக்குமேல் வேண்டியதில்லை.