சாடியில் வளரும் பனையும் மீட்க வேண்டிய காணியும்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு என்ன தொழில் கொடுக்கலாம் என்ற பேச்சு எழும்போது, கோழிக்கூடு, தையல் இயந்திரம் என்பவற்றோடு அலங்காரச் செடி வளர்ப்பும் சொல்லப்படுவதுண்டு. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த கைகளுக்குப் பூச்சாடியா என்று எமது விவசாயிகள் கேட்பதில் நியாயம் உண்டு. ஆயினும் ஒரு செடியை ஒதுக்கிவிட முன்னர் அதைச் சரியாக அறிந்துகொள்வதே விவசாயிக்கு அழகு. ஆகவே அத்தகைய செடிகளுள் ஒன்றை, நிழலில் வளரும் ஒரு சிறு பனையை, எடுத்து நோக்குவோம். அதை வளர்க்கலாம் என்பதே எமது கருத்து. ஆனால் எந்த நிபந்தனையோடு வளர்க்கலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இது என்ன பனை?

பார்லர் பாம் என்று செடிக்கடைகளில் விற்கப்படுவது இதுவே. இதன் தாவரவியற் பெயர் சாமடோரியா எலிகன்ஸ். சாமடோரியா என்பது கிரேக்கச் சொற்களால் ஆனது. நிலத்தருகே கிடைக்கும் கொடை என்பது அதன் பொருள். கையெட்டும் உயரத்திலேயே பழம் கிடைப்பதால் இப்பெயர் வந்தது. மெக்சிக்கோவின் தென்பகுதியும் குவாத்தமாலாவும் இதன் தாயகம். அங்கே பெருமரங்களின் கீழ், வெயில் நேரே படாத மழைக்காட்டில், பெரும்பாலும் சுண்ணாம்புக் கல் நிலத்தில் இது வளர்கின்றது. முற்றிய மரமும் ஓராள் உயரத்தை அதிகம் தாண்டாது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வீடுகளில் மங்கலான வெளிச்சமுள்ள வரவேற்பறைகளிலும் தாக்குப்பிடித்தமையால் இது பெயர் பெற்றது. இக்கட்டுரையில் இதனை நிழற்பனை என்றே அழைப்போம்.

காணியற்ற குடும்பத்துக்கு இதில் மூன்று வசதிகள் உண்டு. முதலாவது, இதற்கு வயலோ தோட்டமோ வேண்டாம். உறவினர் வளவிலுள்ள ஒரு மாமர நிழல் போதும். இரண்டாவது, மண்ணில் நடும் பயிர் போலன்றி, நாளை வேறிடம் போக நேர்ந்தால் சாடியோடு தூக்கிச் செல்லலாம். மூன்றாவது, வயோதிபரும் சிறுவரும்கூடப் பராமரிக்கலாம். குறையும் உண்டு. இது மிக மெதுவாக வளரும். விதையிட்டு விற்கத்தக்க சிறு சாடியாக்க ஒரு வருடத்துக்கு மேலாகும். பெரிய சாடிக்கு இரண்டு மூன்று வருடங்கள் செல்லும். இன்று நட்டு அடுத்த மாதம் அரிசி வாங்க எண்ணுபவருக்கு இது உதவாது.

வளர்க்கும் முறை

இதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. எமது பனையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. விதை வேண்டுமாயின் இரண்டும் அருகருகே பூக்க வேண்டும். ஆண் பூவின் மகரந்தத்தைச் சிறு தூரிகையால் பெண் பூவிற் தொட்டுவிடுவது நல்லது. பழம் கறுப்பாக முற்றியபின் பறித்துச் சதையை நீக்க வேண்டும். அச்சதை தோலிற் பட்டால் கடி ஏற்படுத்தும். கைகளில் பொலித்தீன் பையை மாட்டிக்கொள்ளுங்கள். கழுவிய விதையை ஓரிரு நாள் நீரில் ஊறவைத்து, ஈரமான மணலும் தும்புத்தூளும் கலந்த தட்டில் இடலாம். முளைக்க இரண்டு மூன்று மாதங்கள், சில வேளை ஆறு மாதத்துக்கு மேலும் ஆகும். முளைக்கவில்லை என்று கொட்டிவிட வேண்டாம்.

இப்பனை அடியிலிருந்து கன்று விடுவதில்லை. ஒரே தண்டாகவே வளரும். ஆகையால் ஒரு சாடியில் மூன்று முதல் ஐந்து நாற்றுகளைச் சேர்த்து நட்டாலே பார்வைக்கு நிறைவாக இருக்கும். துளையிட்ட பழைய வாளியோ பால்மா ரின்னோ சாடியாகலாம். மண்ணும் மணலும் மக்கிய எருவும் கலந்து, நீர் தேங்காதபடி நிரப்புங்கள். விரலை மண்ணுள் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்த பின்னரே நீரூற்றுங்கள். இது நீரின்றிச் சாவதிலும் பார்க்க, நீர் தேங்கி வேர் அழுகிச் சாவதே அதிகம்.

எமது பிரதேசங்களில் இதற்கு மூன்று எதிரிகள் உண்டு. ஒன்று மதிய வெயில். இலை மஞ்சளாகிக் கருகும். மர நிழல் இல்லாவிடில் கிடுகுப் பந்தல் அமைக்க வேண்டும். இரண்டாவது உவர்நீர், கரையோரக் கிணறுகளின் நீரை ஊற்றினால் இலை நுனி கபிலமாகிக் காயும். மாரியில் மழைநீரைச் சேமித்து இதற்கென வைப்பது பயன் தரும். தும்புத்தூளையும் உப்புப் போகக் கழுவியே பாவிக்க வேண்டும். மூன்றாவது சோளகக் காலத்து வரண்ட காற்று. அக்காலத்தில் இலையின் அடிப்புறத்தில் சிற்றுண்ணி பெருகும். இலையின் இருபுறமும் நீர் தெளித்துக் கழுவிவந்தால் பெரும்பாலும் மருந்து தேவைப்படாது.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குருத்தைக் காக்க வேண்டும். ஒரு தண்டுக்கு ஒரே குருத்து. அது முறிந்தால் அத்தண்டு மீண்டும் தளிர்க்காது.

தாயகத்திலிருந்து ஒரு பாடம்

குவாத்தமாலாவின் வடக்கிலுள்ள பெற்றென் காடுகளில் இப்பனையின் இலையையும் இதன் உறவுப் பனைகளின் இலைகளையும் ஷாட்டே என்பர். 1960கள் முதல் அங்குள்ள ஏழைகள் இவ்விலைகளை வெட்டி விற்று வருகின்றனர். வெளிநாட்டுப் பூக்கடைகளில் பூங்கொத்துக்குப் பின்னணியாக இவை வைக்கப்படுகின்றன. எமது ஆலயங்களில் குருத்தோலை ஞாயிறன்று தென்னை, பனையின் குருத்தோலையைப் பிடிக்கின்றோம். வட அமெரிக்க ஆலயங்கள் பலவற்றில் அன்று ஏந்தப்படுவது இந்த ஷாட்டே இலையே.

நீண்ட காலமாக வெட்டுவோருக்கு எண்ணிக்கைப்படியே கூலி கொடுக்கப்பட்டது. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் நல்லதும் கெட்டதும் சேர்த்து வெட்டப்படும். கறையுள்ளதும் கிழிந்ததும் பின்னர் கழித்து எறியப்பட்டன. காடு வெறுமையானது, வெட்டியவர் வீடும் நிறையவில்லை. பின்னர் சில கிராமங்கள் வேறு வழியை எடுத்தன. தரமான இலையை மட்டும் வெட்டுவது, செடியில் போதிய இலைகளை விட்டுவைப்பது, கிராமத்திலேயே தரம் பிரித்துக் கட்டுவது, தரத்துக்கே விலை பெறுவது என்று ஒழுங்கு செய்தன. தரம் பிரிக்கும் வேலையால் பெண்களுக்கும் கூலி கிடைத்தது. 2005இல் மினசோட்டாப் பல்கலைக்கழகமும் லூதரன் உலக நிவாரண நிறுவனமும் சேர்ந்து இத்தகைய கிராமங்களின் இலையை அமெரிக்க ஆலயங்களுக்குக் கொண்டுசெல்லும் திட்டத்தை ஆரம்பித்தன. ஓரிலைக்கு ஐந்து சென்ற் வீதம் அக்கிராமங்களுக்கு மேலதிகமாகத் திருப்பிக் கொடுக்கப்பட்டது.

செடி ஒன்றே, காடும் ஒன்றே. மாறியது விற்கும் முறை மட்டுமே. எனவே நிழற்பனையை வளர்க்க எண்ணுவோர் முதலில் சாடியை வாங்க வேண்டாம், வாங்குபவரைத் தேடுங்கள். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து செல்லுங்கள். குறைந்தது இருவரிடம் விலை கேளுங்கள். நாற்றைத் தந்து பின்னர் தாமே வாங்குவோம் என்று எவரேனும் சொன்னால், எந்த அளவுச் செடிக்கு எவ்வளவு ரூபா என்பதை எழுத்திற் பெறுங்கள். முதல் வருடத்தில் இருபது சாடிக்கு மேல் வேண்டாம். இதற்காக வட்டிக்குக் கடன் எடுக்கவே வேண்டாம்.

சாடி காணியாகாது

இனி எமது நிபந்தனைக்கு வருவோம். இச்சிறு பனை ஒரு துணை வருமானம். ஒரு விவசாயக் குடும்பத்துக்கு அது காணிக்கு ஈடாகாது. வாழ்வாதார உதவி என்று பத்துச் சாடிகளைக் கொடுத்து, காணிப் பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு கோப்பை மூடிவிட எவருக்கும் இடமளிக்கக்கூடாது. வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேறிய குடும்பங்களின் காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டபோதும், ஒரு பகுதி இன்னும் உரியவர் கைக்கு வரவில்லை. அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களில் பலர் புத்தளத்திலேயே ஒரு தலைமுறையைக் கழித்துவிட்டனர். இவர்களுக்கு உதவி கொடுக்கும் நிறுவனங்கள், திருச்சபையின் நிறுவனங்கள் உட்பட, இதனை மறக்கலாகாது.

நிழற்பனையின் தாயகமான குவாத்தமாலாவின் மக்களும் அகதிகளானவர்களே. 1980களின் ஆரம்பத்தில் இராணுவத்தின் கொடுமைக்கு அஞ்சி 40,000க்கும் அதிகமான குவாத்தமாலா விவசாயிகள் மெக்சிக்கோவில் தஞ்சம் புகுந்து அகதிகளாகப் பதிவு பெற்றனர். முகாம்களில் அவர்கள் கிடைத்த தொழிலைச் செய்தனர். ஆனால் தமக்கென நிரந்தர ஆணைக்குழுக்களைத் தெரிவுசெய்து அரசாங்கத்தோடு பேசவும் செய்தனர். 1992 ஒக்ரோபர் 8இல் உடன்படிக்கை கைச்சாத்தானது. விரும்பியே திரும்புதல், கூட்டாகத் திரும்புதல், காணி பெறுதல் என்பன அதில் இடம்பெற்றன. 1993 ஜனவரியில் ஏறத்தாழ 2,500 பேர் முதலாவது தொகுதியாக நாடு திரும்பினர். பிழைப்புக்காகக் கை வேலை செய்துகொண்டிருந்தபோதும், வாய் காணியைக் கேட்பதை நிறுத்தவில்லை.

வேதாகமத்தில் எரேமியா இறைவாக்கினர் இவ்விரண்டையும் சேர்த்தே செய்தார். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில், அங்கேயே வீடு கட்டித் தோட்டம் வைத்து உண்ணும்படி சொன்னார். அதே எரேமியா எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில் அனத்தோத்தில் ஒரு நிலத்தை வாங்கி, அதன் உறுதியை நெடுநாள் இருக்கும்படி மட்பாண்டத்தில் வைப்பித்தார். இருக்குமிடத்தில் பயிர் செய்வதும், வரவேண்டிய காணியின் உறுதியைப் பேணுவதும் ஒரே நம்பிக்கையின் இரு செயல்கள்.

ஆகவே விரும்புவோர் இச்சிறு பனையை வளருங்கள். அத்தோடு, காணி உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்திலும் பிரதேச செயலகத்திலும் பதிவைத் தேடிப் பெறுங்கள். காணியின் நான்கு எல்லைகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். சாடிக்கு நீரூற்றும் அக்கறையோடு இவற்றையும் செய்துவருவது எம் ஒவ்வொருவரின் கடமையாகும்.