கூர்க்கனுக்கு வந்த வாழ்வு

மருந்துக் கூர்க்கன் என்றொரு செடி. சேலம் பக்கம் ஒப்பந்த விவசாயத்தில் விளைகிறது. குஜராத்தில் அதன் வேரை ஊறுகாய் போடுகிறார்கள். அந்த வேரில் இருக்கும் டைட்டர்பீன் சேர்மத்தின் பெயர் ஃபோர்ஸ்கோலின். இதை வைத்து இன்று இரண்டு கடை நடக்கிறது. ஒன்று, ‘நம்ம முன்னோர் அன்றே சொன்னார்கள்’ கடை. இன்னொன்று, ‘தொப்பை கரையும்’ மாத்திரைக் கடை. இரண்டிலும் சரக்கு இல்லை என்பதே என் கட்சி.

முதல் கடை. இந்தச் சேர்மம் ஓலைச்சுவடியிலிருந்து எழுந்து வரவில்லை. 1970களில் பம்பாயில் ஹெக்ஸ்ட் ஆய்வு மையத்திலும், லக்னோவில் மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்திலும் செடி செடியாகச் சாறெடுத்துச் சோதித்தவர்கள் பிரித்தெடுத்தது. லக்னோ வைத்த பெயர் கோலியோனால். நிலைத்ததோ ஃபோர்ஸ்கோலின்: லின்னேயஸின் மாணவர், 1763இல் ஏமனில் இறந்துபோன ஃபோர்ஸ்கோலின் நினைவாகச் செடிக்கு இருந்த பெயர் வழியாக வந்தது. பெயர் போனதற்கு வேண்டுமானால் வருத்தப்படுங்கள். ஆனால் அந்த உழைப்பை மறைத்துப் பாட்டன் பெருமை பேசுவது, உழைத்தவர்களை இரண்டாம் முறையும் பெயரில்லாமல் ஆக்குவது.

இரண்டாவது கடை. வழக்கமாக ஹார்மோன் வந்து செல்லின் ஏற்பியைத் தட்டும். உள்ளே அடினைலில் சைக்ளேஸ் என்ற நொதி விழித்து, சைக்ளிக் ஏஎம்பி என்ற தூது மூலக்கூறைத் தயாரிக்கும். ஃபோர்ஸ்கோலின் கதவைத் தட்டுவதில்லை. நேரே போய் நொதியை எழுப்பிவிடும். 1981இல் இது தெரியவந்தபின் ஆய்வுக்கூடங்களுக்கு அது கைக்கருவி ஆயிற்று.

‘கொழுப்பைக் கரைக்கும் என்பதும் அறிவியல்தானே?’ ஆமாம், கண்ணாடித் தட்டில் தனியாக வைத்த கொழுப்புச் செல்லில். உடம்பில் இதயம், நுரையீரல், ரத்தக்குழாய் எல்லாவற்றிலும் அதே நொதிக் குடும்பம்தான். ‘தொப்பையை மட்டும் பார்’ என்றால் அதற்குக் காது கேட்காது. ஆய்வுக்கூடத்தில் எது அதன் பலமோ, மாத்திரையில் அதுவே அதன் கோளாறு. 2005இல் 30 ஆண்களிடம் 12 வாரம் நடந்த ஆய்வில்கூட கொழுப்பு விகிதம்தான் குறைந்தது; எடை சொல்லும்படி குறையவில்லை. அதே சேர்மம் ரத்த அழுத்தத்தை இறக்கும், ரத்தத் தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடும் அம்மாவுக்கு ‘மூலிகைதானே’ என்று வாங்கிக் கொடுப்பது அன்பு இல்லை, அலட்சியம்.

அடுத்த ஃபார்வர்டு வரும்போது மூன்றே மூன்று கேளுங்கள்: எவ்வளவு, யாருக்கு, எத்தனை வாரம்? பம்பாயும் லக்னோவும் இந்தக் கிழங்கிடம் போனது இப்படிக் கேள்வி கேட்டுத்தான். பெருமைப்பட்டே ஆகவேண்டும் என்றால், அந்தக் கேள்விக்குப் பெருமைப்படுவோம்.