கீரை அறுப்பவரின் மகளும் கம்ப்யூட்டர் பாடமும்

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் சலினாஸ் பள்ளத்தாக்கு என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. லெட்டூஸ் கீரையும் ஸ்ட்ராபெரிப் பழமும் அங்கே விளைகின்றன. குனிந்த இடுப்பு நிமிராமல் அவற்றை அறுத்தும் பறித்தும் பெட்டியில் அடுக்குகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மெக்ஸிகோவிலிருந்து வந்த விவசாயக் கூலிகள். வடக்கே ஏறக்குறைய 60 மைல் போனால், உலகத்துக்கே கம்ப்யூட்டர் வடிவமைத்து விற்கும் கம்பெனிகளின் மாளிகைகள். அறுபதே மைல்! ஆனால் கீரை அறுப்பவரின் மகள் அந்தத் தூரத்தைக் கடப்பதற்கு நடுவில் ஒரு மதில் நிற்கிறது. அதன் பெயர் ஆங்கிலம்.

அமெரிக்க சர்க்கார்ப் பள்ளிகளில் ஆங்கிலத்தை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் 2021-ல் 50 லட்சத்துக்கும் அதிகம். பத்தில் ஒரு பிள்ளை! அவர்களில் ஏறக்குறைய முக்கால்வாசிப் பேர் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். ஆரம்பப் பள்ளி முதற்கொண்டே கம்ப்யூட்டர் பாடம் எப்படி இருக்கவேண்டும் என்று 2018-ல் கலிபோர்னியா சர்க்கார் வகுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் நடப்பதென்ன? மற்றப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன் உட்காரும் அந்த அரைமணி நேரத்தில்தான் இந்தப் பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் ஆங்கிலம் உருப்போட வைக்கும் வழக்கம் பள்ளிகளில் உண்டு.

“முதலில் ஆங்கிலம், பிறகு கம்ப்யூட்டர்” என்கிறார்கள். கேட்க நியாயம்போலத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளையாட்டு மைதானத்து ஆங்கிலம் இரண்டு ஆண்டில் வந்துவிடும். பாடப் புத்தக ஆங்கிலம் கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்று கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ஜிம் கம்மின்ஸ் எப்போதோ காட்டிவிட்டார். அதற்குள் ஆரம்பப் பள்ளியே முடிந்துவிடும்! ஆங்கிலம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பேசுவதற்கு உருப்படியான வேலை இருந்தால் பேச்சும் வரும் என்கிறோம்.

ஆங்கிலம் தெரியாதவருக்கு இந்த வித்தை புரியாது என்பது பொய். ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. எந்தப் பாவு நூல் உயரவேண்டும், எது தங்கவேண்டும் என்று அட்டையில் துளை போட்டுத் தறிக்குக் கட்டளை கொடுத்தார் பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு, ஆண்டு 1804. அந்த அட்டையைத்தான் பின்னால் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தமது கணக்கு இயந்திரத் திட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். துளைக்கு என்ன பாஷை? வரிசையாகச் செய், திரும்பச் செய், இப்படி இருந்தால் இதைச் செய் — கம்ப்யூட்டர் பாடத்தின் உயிர் இதுதான்.

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். பிள்ளைக்கு இரக்கம் காட்டுவதாக நினைத்து உபாத்தியாயர் பெரிய சொற்களை ஒதுக்கிவிடுகிறார். ஆனால் ஸ்பானிஷில் அவை கிட்டத்தட்ட அதே சொற்கள்! அல்காரிதம் என்பது அல்கோரித்மோ; புரோகிராம் என்பது புரோகிராமா. (அல்காரிதம் என்ற சொல்லே, 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாத்தில் இருந்த கணித மேதை அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. ஆங்கிலேயரின் பாட்டன் சொத்தல்ல.) பிள்ளையைத் தடுக்கிவிடுவது சின்னச் சொற்கள். ‘ரன்’ என்றால் ஓடு என்று மைதானத்தில் கற்றவளிடம் புரோகிராமை ‘ரன்’ செய் என்கிறார்கள். ‘பக்’ என்றால் பூச்சி. இங்கே அது பிழை. ‘ஸ்ட்ரிங்’ என்றால் நூல். இங்கே எழுத்துக்களின் கோவை. இவற்றை யார் எடுத்துச் சொல்கிறார்கள்?

வேலையைக் குறைக்காதே, பாஷைக்குத் துணை கொடு என்பதே நம் கோரிக்கை. மற்றவர்கள் ஒரு விளையாட்டையே உருவாக்கும்போது இவளுக்கு மட்டும் படம் நகர்த்தும் வேலை கொடுப்பது சலுகையல்ல, அவமானம். கட்டளைகளை முதலில் தரையில் கட்டம் போட்டு நடந்து காட்டட்டும். “நான் இதை மாற்றினேன், ஏனென்றால்...” என்று வாக்கியத்தின் தலையை எழுதிக் கொடுத்தால் வாலை அவள் முடிப்பாள். ஒரே பாஷைப் பிள்ளைகள் இருவர் சேர்ந்து உட்கார்ந்து தங்கள் பாஷையிலேயே வாதாடட்டும்; பிறகு வகுப்புக்கு ஆங்கிலத்தில் சொல்லட்டும். எம்.ஐ.டி. கலாசாலையில் பிறந்து 2007-ல் வெளிவந்த ஸ்கிராட்ச் என்ற கருவியில், வண்ணக் கட்டைகளைக் கோத்துப் பிள்ளைகள் புரோகிராம் செய்கிறார்கள். அதில் பாஷையை மாற்றிக்கொண்டால் கட்டைகளின் எழுத்து ஸ்பானிஷாக மாறிவிடும். புரோகிராம் துளியும் மாறாது. காலணாச் செலவில்லை. மனம்தான் வேண்டும்.

சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் சுமார் 1,800 பேர் துணையின்றி வகுப்பில் விடப்பட்டிருந்த வழக்கில், 1974-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது: ஒரே புத்தகமும் ஒரே உபாத்தியாயரும் கொடுத்துவிட்டால் சமத்துவம் ஆகிவிடாது! பாஷைத் தடையை நீக்கப் பள்ளிகள் நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று அதே ஆண்டில் சட்டமும் வந்தது. 2025 மார்ச்சில் ஜனாதிபதி டிரம்ப் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்கி உத்தரவு போட்டார். ஆனால் ஜனாதிபதியின் உத்தரவு சட்டத்தை ரத்து செய்துவிடாது.

1965-ல் அதே மாகாணத்தில் டெலானோ திராட்சைத் தோட்டங்களில் பிலிப்பைன்ஸ் கூலிகளும் மெக்ஸிகோக் கூலிகளும் பாஷை வேறானாலும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள்; ஐந்து ஆண்டு நின்று ஒப்பந்தம் வாங்கினார்கள். அவர்களுடைய வர்க்கத்தின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று இந்த வகுப்புகளில் இருக்கிறார்கள். பள்ளியிலிருந்து அழைப்பு வரும்போது கீரை அறுக்கும் தாய் தன் சொந்த பாஷையிலேயே கேட்கலாம்: “என் மகளை எந்தப் பாடத்திலிருந்து வெளியே அழைத்துப் போகிறீர்கள்?”