கன்னியைப் பிரிக்க நிறம் மட்டும் போதாது

கருப்பு உடம்பு, கண்ணுக்கு மேலே இரண்டு பழுப்புப் பொட்டு, அதே பழுப்பு கன்னத்திலும் மார்பிலும் கால்களிலும் இறங்கியிருக்கும். தென் மாவட்டங்களில் கன்னி என்று அழைக்கப்படும் வேட்டை நாய் இது. அதே ஒடுங்கிய முகமும் ஒட்டிய வயிறும் நீண்ட கால்களும் கொண்ட நாய் செவலையிலோ சாம்பலிலோ வேறு ஒற்றை நிறத்திலோ இருந்தால் அதைச் சிப்பிப்பாறை என்கிறார்கள். இவை இரண்டும் ஒரே இனமா, வெவ்வேறு இனங்களா என்ற வாதம் நாய் வளர்ப்பவர்கள் மத்தியில் நெடுநாளாக ஓய்ந்தபாடில்லை. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தம் மனதின் குரல் உரையில் இந்திய நாயினங்களை அடுக்கியபோது ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று தனித்தனியாகவே குறிப்பிட்டார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவள நிறுவனத்தின் பதிவேட்டில் தமிழ்நாட்டிலிருந்து ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் இடம்பிடித்திருக்கின்றன. கன்னிக்குத் தனி இடம் இல்லை. அந்த இடத்தைப் பெற வேண்டும் என்ற கோரிக்கையில் உள்ள ஆதங்கம் நியாயமானது. ஆனால் கன்னியைக் காப்பாற்ற அதைத் தனி இனமாகப் பிரிப்பதுதான் வழி என்ற முடிவு, கையில் இருக்கிற சான்றுகளோடு ஒத்துப்போகவில்லை.

முதலில் நிறத்தைப் பார்ப்போம், பிரிவினைக்கான வாதம் பெரும்பாலும் அதன் மேல்தான் நிற்கிறது. நாய்களின் நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்களில் அகூட்டி என்பது முக்கியமானது. அதன் ஒரு வடிவம் செவலையைத் தரும், இன்னொரு வடிவம் கன்னிக்கு உரிய கருப்பு-பழுப்பைத் தரும். குட்டி தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதிகளைப் பெறுகிறது. இரண்டில் ஒன்று செவலையாக இருந்தாலே பொதுவாகக் குட்டி செவலைதான். கருப்பு-பழுப்பு வெளியே தெரிய, இரண்டு பிரதிகளும் அதுவாக இருக்க வேண்டும். ஆக, கருப்பு-பழுப்பை மறைவாகச் சுமக்கும் இரண்டு செவலை நாய்கள் சேர்ந்தால், பிறக்கும் குட்டிகளில் சராசரியாக நாலில் ஒன்று கன்னி நிறத்தில் பிறக்கும். நிறத்தை எல்லைக்கோடாக வைத்தால், ஒரே ஈற்றில், ஒரே தாயின் மடியில் பால் குடிக்கும் குட்டிகளில் மூன்று ஓர் இனம், நாலாவது வேறோர் இனம் என்று எழுத வேண்டிவரும். காஞ்சிபுரத்துத் தறியில் அரக்கு நிறத்திலும் நெய்யலாம், மாம்பழ நிறத்திலும் நெய்யலாம். அதனால் பட்டு இரு வகையாகிவிடுவதில்லை. உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, பக்கத்தில் ஓர் உதவியாள் கரை நாடாவைத் தள்ள, இரண்டும் பிணைக்கப்பட்டுக் கோர்வையாக நெய்யப்பட்டதா இல்லையா என்பதுதான் சேலையை வகை பிரிக்கும். நாயிலும் கேட்க வேண்டியது, இவற்றின் வம்சம் உள்ளே எப்படிப் பின்னியிருக்கிறது என்பதே.

நிறத்தைப் பிடித்துக்கொண்டு இனம் வளர்த்தால் என்னாகும் என்பதற்கு ராஜபாளையம் நம் கண்ணெதிரே இருக்கிறது. பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் இருந்தால்தான் அசல் என்று சொல்லிச் சொல்லி வேறு நிறக் குட்டிகளைக் கழித்தார்கள். நிறமி இல்லாத நாய்களில் உட்காதிலும் நிறமிச் செல்கள் இல்லாமல் போக வாய்ப்புண்டு; அவை இல்லையேல் காது கேட்காது. ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டிகள் பிறப்பதை வளர்ப்பவர்களும் மருத்துவர்களும் அறிவார்கள். கருப்பு-பழுப்பு நிறத்தால் இப்படிக் காது போகாது என்பது உண்மைதான். ஆனால் நிறத்துக்காகவே தேர்ந்தெடுக்கும்போது இணை சேரக் கிடைக்கும் நாய்களின் எண்ணிக்கை சுருங்கிவிடும் என்ற ஆபத்து கன்னிக்கும் அப்படியே பொருந்தும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு முயல் வேட்டை குற்றமாயிற்று, இந்த நாய்களுக்கு இருந்த வேலையும் போயிற்று. வேலை போன நாயை வளர்ப்பவர்கள் குறைந்தார்கள். எஞ்சியிருக்கும் சிறு கூட்டத்தை இன்னும் இரண்டாக வெட்டி, ஒன்றோடொன்று சேரக் கூடாது என்று விதி போட்டால், அண்ணன் தங்கைக்குள்ளும் தகப்பன் மகளுக்குள்ளும் இணை சேர்க்கும் நிலைதான் வரும். ஈற்றில் குட்டிகள் குறைவதும், பிறவிக் கோளாறுகள் கூடுவதும், நோய் எதிர்ப்பு தளர்வதும் அதன் விளைவுகள்.

வெளிநாட்டிலும் நாயினங்களைப் பிரித்திருக்கிறார்கள், அவற்றில் சில சரியான முடிவுகளே. ஜப்பானின் அகிதாவை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படைவீரர்கள் கொண்டுபோன நாய்கள் அங்கே தனியாகப் பெருகின. 1974-ல் அமெரிக்கன் கென்னல் கிளப் ஜப்பானிலிருந்து வரும் நாய்களுக்குத் தன் பதிவேட்டை மூடியது. ஜப்பானிலோ பழைய உருவத்தை மீட்க வேறு திசையில் தேர்வு செய்துவந்தார்கள். நடுவில் கடல், பல பத்தாண்டுப் பிரிவு, தலை அமைப்பிலும் உடற்கட்டிலும் வெளிப்படையான வேறுபாடு: இவ்வளவும் இருந்தும் உலக நாய் அமைப்பு 1990-களின் இறுதியில்தான் அவற்றைப் பிரித்தது. பிரிட்டனில் 1964-ல் நார்விச் டெரியரிலிருந்து நார்ஃபோக் டெரியரைப் பிரித்தபோது கண்ணுக்குத் தெரிந்த முக்கிய வேறுபாடு, காது நிமிர்ந்திருக்கிறதா மடிந்திருக்கிறதா என்பது மட்டுமே. பெல்ஜியத்து மேய்ப்பு நாய் கதை நமக்கு இன்னும் நெருக்கம். முடியாலும் நிறத்தாலும் வேறுபடும் நான்கு வகைகளை உலக அமைப்பு ஒரே இனமாகவே வைத்து, தேவைப்படும் நேரத்தில் வகைகளுக்கிடையே இணை சேர்க்க வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அமெரிக்கர்கள் 1959-லேயே அவற்றைத் தனித்தனி இனங்களாக்கினார்கள். கன்னி, சிப்பிப்பாறை விஷயத்தில் கடலும் இல்லை, மூடிய பதிவேடும் இல்லை. விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர்களில், ஒரே கரிசல் காட்டில், ஒரே முயலைத் துரத்திய நாய்கள் இவை.

கன்னி வளர்ப்பவர்கள் இதற்குப் பதில் வைத்திருக்கிறார்கள், அதை அலட்சியப்படுத்தக் கூடாது. கன்னியின் குணமே வேறு, கூச்சம் அதிகம், வீட்டு மனிதர்களோடு ஒட்டுதல் அதிகம் என்கிறார்கள். மணப்பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்த நாய் என்ற வழக்கும் சொல்லப்படுகிறது. தலைமுறைகளாக நாயோடு வாழ்ந்தவர்களின் கண், ஆய்வகத்துக்கு எட்டாததையும் பார்க்கும். சில குடும்பங்கள் கன்னியைக் கன்னியோடு மட்டுமே சேர்த்து வந்திருந்தால், அந்த வரிசையில் குணமும் நிலைத்திருக்கக்கூடும். ஆனால் அது அந்தக் குடும்பங்களின் வம்சாவளிக்குச் சான்று. கருப்பு-பழுப்பாகப் பிறக்கும் ஒவ்வொரு நாய்க்கும் அது பொருந்தாது. அந்த வரிசைகளை இன்றே எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்பதற்குத்தான் இந்தப் பதில் வலுவான காரணம்.

இன்னொரு வாதம் பணம் சார்ந்தது. பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் அரசுத் திட்டத்தில் இடம், இல்லாவிட்டால் கன்னி கவனிப்பாரற்றுப் போகும் என்கிறார்கள். இந்த அச்சத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பதிவான சிப்பிப்பாறையின் விவரணையிலேயே கன்னியை ஒரு வகையாகப் பெயர் சொல்லிச் சேர்த்தால் போதும். நிதியும் வரும், இணை சேர்க்கும் வாசலும் அடைபடாது. பெயரால் வரும் குழப்பம் என்ன செய்யும் என்பதைக் கர்நாடகத்தில் பார்க்கிறோம். ஒரே வேட்டை நாயை இந்தியக் கென்னல் கிளப் கேரவன் ஹவுண்ட் என்றும், இன்னோர் அமைப்பு முதோல் ஹவுண்ட் என்றும் பதிகின்றன. வம்சாவளி இரண்டு ஏடுகளில் சிதறியிருக்கும்போது ஒரு நாயின் பாட்டன் யார் என்று தேடுவதே பெரும்பாடு.

வாதத்தைத் தீர்க்கும் வழி நம் கைக்கு எட்டிய தூரத்தில்தான் இருக்கிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் சேர்ந்து, தென் மாவட்டக் கிராமங்களில் பழைய வரிசைகளை வைத்திருக்கும் வளர்ப்பாளர்களின் நாய்களிடம் மாதிரி எடுத்து மரபணுவை ஒப்பிடட்டும். உறவில்லாத நாய்களாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒவ்வொன்றின் தாய், தகப்பன், ஊர், ஈற்றில் பிறந்த எல்லாக் குட்டிகளின் நிறமும் குறிக்கப்பட வேண்டும். செவலை ஈற்றில் பிறந்த கருப்புக் குட்டியை மறைக்காமல் எழுத வேண்டும், முக்கியமான சாட்சி அதுதான். இரண்டு கூட்டங்களும் பல தலைமுறைகளாகக் கலக்கவில்லை என்று முடிவு வந்தால், கன்னிக்குத் தனிப் பதிவெண் கொடுப்பதை நானும் ஆதரிப்பேன். அதுவரை கண்காட்சிகளில் இரண்டையும் ஒரே வளையத்தில் நிறுத்தி, கன்னி நிறத்துக்குத் தனிப் பரிசு கொடுக்கலாம். ஆனால் ஒரு வளர்ப்பாளர் தன் கன்னிப் பெட்டைக்கு நல்ல செவலைக் கடுவனைத் தேடிப் போனால், பிறக்கும் குட்டிகளைக் கலப்பு என்று பதிவேட்டிலிருந்து தள்ளக் கூடாது.